சாதுக் கட்டி, பொல்லாத கட்டி

நான் பத்தாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து வாசலில் நின்றார். "டாக்டரம்மா போயிட்டாங்க டீச்சர். திருச்சியில இருந்து காலை பஸ்ல சொல்லிவுட்டாங்க" என்றார். என்ன நோய் என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் கேட்டதற்கு, "ஒடம்பு சரியில்லாம இருந்தாங்கல்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். டாக்டர் வேதவல்லி அதைக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பார். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது, அழுகை அப்புறம்தான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களுக்கு அவர் சுபாவம் தெரியும். வெடுக்கென்று பேசுவார், ஊசியை மட்டும் வலிக்காமல் போடுவார். மதுரைப் பக்கத்துக்காரர். எழுபதுகளின் கடைசியில் இங்கே மாற்றலாகி வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் தனிக்கட்டை, ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது ஒரு சொல்லால்.

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மனைவியை அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாளின் கன்னத்தில் ஆறாத புண். முந்திரிக்கொட்டை வறுக்கும்போது அதன் பால் தெறித்த புண் என்று நினைத்துக் காலம் கடத்திவிட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "இது புத்து. உடனே திருச்சிக்குப் போங்க" என்றார். மறு வாரம் இருவரும் திரும்பி வந்தார்கள். "புத்துன்னீங்களே, அம்மன் கோயில் புத்துக்குப் பால் ஊத்தி முட்டையும் வச்சிட்டோம்ங்க. முட்டைய நாகம் எடுத்துக்கிச்சு. புண்ணுதான் ஆறல" என்றார் கணவர். டாக்டர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம், அதுவரை பேசியே இராத என் வீட்டுக் கதவைத் தட்டினார். "நீங்க தமிழ் டீச்சராமே. தோல்ல வர்ற கேன்சருக்கு, பாம்பு குடியிருக்காத சொல்லா ஒண்ணு குடுங்க."

கட்டி, கழலை, பிளவை என்று நான் அடுக்கினேன். கொழுப்புக் கட்டி என்று நான் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். முதுகில் கட்டியோடு வந்த ஒரு பெரிய மனிதர், "எனக்கா கொழுப்புங்கறீங்க?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாராம். கடைசியில், சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் சாது மாடு, பொல்லாத மாடு என்று பேசுகிற பேச்சிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். "இது சாதுக் கட்டி, இருந்துட்டுப் போகட்டும். இது பொல்லாத கட்டி, அறுத்துடணும்." மருவும் கொழுப்புக் கட்டியும் சாது. ஆறாத புண்ணும் பரவுகிற மச்சமும் பொல்லாதவை. வந்தவருக்கு அது புரிந்த பிறகு புற்றுநோய் என்ற பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுவார். கன்னத்தில் புண் இருந்த அம்மாள் திருச்சிக்குப் போய் அறுத்துக்கொண்டு வந்தார்.

நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று உறவினர் கெஞ்சுவது உண்டு. "ஒடம்பு அவருது. சேதி மட்டும் உங்களுதா?" என்று கேட்பார். அதனால் சிலருக்கு அவரைப் பிடிக்காது.

போன வருஷம் அவருடைய குதிகாலிலேயே ஒரு கறுப்பு மச்சம் பரவத் தொடங்கியது. "இது சாது இல்ல டீச்சர்" என்றார். திருச்சியில் அறுத்துக்கொண்டு வந்து, தடி ஊன்றியபடியே வேலை பார்த்தார். தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகு லீவு போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "கால் ஆணி எப்புடி இருக்குங்க?" என்றார்கள். நர்ஸுகளும் ஆணி என்றார்கள். மதுரையிலிருந்து வந்த அண்ணன்கூட, "ஆணிதானம்மா, சரியாப் போயிடும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அத்தனை நல்ல மனதுக்கு நடுவில் அவர் ஒற்றையாகக் கிடந்தார்.

ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். "எல்லாரும் ஆணியப் பாக்க வர்றாங்க டீச்சர். என்னைப் பாக்க யாரும் வரல. நீங்களாவது பேரைச் சொல்லிக் கேளுங்க" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "புற்று எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"நல்லா வளருது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பயமா இருக்கு டீச்சர்."

அதன் பிறகு பேசிக்கொண்டே இருந்தார். வலியைப் பற்றி, இறந்துபோன அம்மாவைப் பற்றி, தனக்கு யார் கொள்ளி வைப்பார்கள் என்பதைப் பற்றி. மறுபடி திருச்சிக்குக் கொண்டுபோகும்வரை நான் தினமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் தினமும் உள்ளதைச் சொன்னார். இந்த ஊரில் அவர் மனம்விட்டுப் பேசியது அந்த நாட்களில்தான். நானும் அப்படித்தான்.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் உடல்நலக் குறைவு என்றார்கள். நோயின் பெயரை மேடையில் சொல்வது மரியாதை இல்லையாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். சாயங்காலம் ஆனால் அது நாக்குவரை வருகிறது, கேட்பதற்கு ஆளில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: டாக்டர் வேதவல்லி தோல் புற்றுநோயில் இறந்தார்.