கொக்கு ஆட்டத்துக்காகத் திருப்பதி வரை

காலை ஏழு மணிக்குச் சித்தூரில் பேருந்து ஏறினேன். திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர், முப்பத்திரண்டு ரூபாய். இரண்டு மணி நேரப் பயணம் மூன்றரை ஆயிற்று. காணிப்பாக்கம் பிரிவில் மொட்டை போடக் கிளம்பிய ஒரு குடும்பம், தன் ஆட்கள் அத்தனை பேரும் வந்து சேரும்வரை வண்டியை நகரவிடவில்லை. இறங்கினால் அடுத்த தொல்லை. ரேணிகுண்டா சாலை என்று சொல்லி ஏறியும் ஆட்டோக்காரர் மலையடிவாரத்து அலிபிரிப் பக்கமே திருப்பினார். "மலைக்குப் போகாம இன்னாத்துக்கு சார் வந்தீங்க?" என்றார்.

ஒரு பழைய வீடியோ கேம் இயந்திரத்தின் சர்க்யூட் போர்டுக்காக என்று சொல்ல வாய் வரவில்லை.

தாராளமயம் வந்த புதிதில், சித்தூர்க் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே, கடையைப் பார்த்துக்கொண்ட முனிரத்தினம் பெயரில் திருப்பதியில் வீடியோ கேம் கடை வைத்திருந்தேன். அங்கே நாங்கள் கொக்கு ஆட்டம் என்று அழைத்த ஒன்று இருந்தது. செம்படவன் வலை இழுப்பான். கொக்குகள் மீனைத் திருடும். வீடுதோறும் கணினி வந்ததும் கடை மூடியது. அந்த ஆட்டத்தின் போர்டைத் தன் வீட்டில் வைத்துவிட்டு முனிரத்தினம் குவைத்துக்குப் போய்த் திரும்பினார். சத்தியவேட்டுப் பார்த்திபன், இப்போது சென்னையில் கணினி வேலை, சிறு வயதில் அதை எங்கள் கடையில் ஆடியவர். எங்கு தேடியும் அதன் பிரதி யாரிடமும் இல்லையாம். போர்டின் சில்லுகளைப் படித்து எடுத்துவிட்டால் எமுலேட்டர் என்னும் மென்பொருள் கணினியையே பழைய இயந்திரமாக நடிக்க வைக்கும், ஆட்டம் பிழைத்துவிடும் என்றார்.

முனிரத்தினம் வீட்டில் போர்டு சாமி அலமாரியில், ஓயாமல் எரியும் டியூப் லைட்டுக்கு அடியில் இருந்தது. சோறு போட்டது என்று ஆண்டுதோறும் ஆயுதபூஜைக்குச் சந்தனம், குங்குமம். சென்னையிலிருந்து நேரே அங்கே வந்திருந்த பார்த்திபன் அதைப் பார்த்ததும் முகம் வெளுத்தார். சில்லுகளின் முதுகில் சிறு கண்ணாடி உண்டு; அதை மூடிய தாள் போனால், வெளிச்சம் பட்டுப் பட்டு உள்ளே எழுதியது அழிந்துவிடும். கொண்டுவந்த கருவியில் சில்லுகளைப் படித்துப் பார்த்தார். தாள் தப்பிய இரண்டில் கொக்குப் படங்கள் கிடைத்தன. அவற்றைப் பறக்க வைக்கும் நிரல் இருந்த சில்லுகள் எல்லாம் வெறுமை.

தாளை யார் பிய்த்தது என்று கேட்டார்.

"நான்தான் தம்பி," என்றார் முனிரத்தினம். எதைத்தான் நோண்டாமல் விட்டாய் என்று அவர் மனைவி பிடித்துக்கொண்டார். அவர்கள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் பேருந்து ஏறினேன்.

வழியில் சந்திரகிரியில் இறங்கி, எதிர்ப்பக்க வண்டிக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, முனிரத்தினம் வீட்டுக்கே திரும்பிப் போனேன். பார்த்திபன் கிளம்பியிருந்தார். வாசலிலேயே சொன்னேன்: தாள் மேல் சந்தனம் நிற்காது, பிய்த்துவிட்டு வை என்று முதல் ஆயுதபூஜையில் சொன்னவன் நான். பிய்க்காதே என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"நீங்க சொல்லித்தானே சார் பிச்சேன், அது எனக்குத் தெரியாதா இன்னா? ஆசையா வந்துக்கிற புள்ள முன்னாடி உங்களக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?"

காபி குடிக்கச் சொன்னார், மறுத்தேன். நிலையம் வரை கூடவே வந்து என்னை ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் தெலுங்கில் சொன்னார்: எங்க ஐயவாரு, காலேஜு வாத்தியாரு, பெரிய படிப்புப் படிச்சவரு, பார்த்து இறக்கி விடுங்க.

கண்டக்டர் எனக்காக ஒருவரை எழுப்பி இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.