வெள்ளை பூத்த இன்ஜின்

என் மாமனார் வீட்டில் சின்ன மாப்பிள்ளை வந்தால் கோழி அடிப்பார்கள். நான் போனால் அன்றைக்கு அடுப்பில் எது இருக்கிறதோ அதுதான். கல்யாணமாகிப் பல வருஷங்கள் இதை நான் கவனிக்காதது போலவே சாப்பிட்டு எழுந்திருக்கிறேன். கவனிக்காமல் இருந்ததில்லை.

சின்ன மாப்பிள்ளை என்பவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், எனக்குச் சகலை. மேட்டூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. முழுக்கால்சட்டை போடுவார். சட்டைப் பையில் பேனா இருக்கும். நான் நாமக்கல்லில் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டில் மெக்கானிக். என் நகக்கண்ணில் இருந்த கறுப்பு தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கும் போகாது. இரண்டு பேர் செய்ததும் ஏறக்குறைய ஒரே வேலைதான். ஆனால் மாமனார் ஊராரிடம் பேசும்போது அவரை ‘இன்ஜினீயர் மாதிரி’ என்பார். என்னை ‘பஸ் ஷெட்டுல இருக்கறாப்ல’ என்பார்.

மாமனாருக்குப் பரமத்தி வேலூர் பக்கம் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தன. உலகச் சண்டைக்கு முன்பே ஒரு கார் வாங்கியிருந்தார். சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் சக்கரங்களைக் கழற்றிக் கட்டைமேல் நிறுத்தி, கரும்புத் தோகையால் கொட்டகை போட்டு மூடி வைத்துவிட்டார். சண்டை முடிந்து பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வந்தபோது, காரைக் கிளப்பியே ஆகவேண்டும் என்று இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஆள் விட்டார்.

நான் முதல் பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாமனார் வந்தார்.

“மாப்ள, நீங்க சக்கரம், பிரேக்கு இதையெல்லாம் பாருங்க. இன்ஜினைச் சின்ன மாப்ள வந்து தொடட்டும்.”

“நானே பாத்துப்போடறேனுங்க மாமா. நெதம் பாக்கற வேலைதானுங்க.”

“இருக்கட்டுமுங்க. அவரு வந்துரட்டும்.”

நான் சக்கரங்களிடம் போனேன். சகலை வெயில் ஏறித்தான் வந்தார். மாமியார் ஓடிப்போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த எனக்கு அந்த மோர்ச் செம்பும் இரண்டு ஜோடிக் கால்களும் மட்டும்தான் தெரிந்தன.

இன்ஜினின் மேல்பாகத்தை நாங்கள் ‘ஹெட்’ என்போம். சிலிண்டர்களை மேலிருந்து மூடி நிற்கிற கனமான மூடி அது. அந்தக் காரில் இன்ஜினின் அடிப்பாகம் இரும்பு, ஹெட் அலுமினியம். இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீரை வடிக்காமலே காரை மூடி வைத்திருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வர மறுத்தன. மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டித் தட்டி, கடைசியில் நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத்தான் அதைத் தூக்கினோம். கவிழ்த்துப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று பொடி பூத்திருந்தது. தண்ணீர் ஓடும் துளைகளைச் சுற்றிக் கட்டி கட்டியாக அப்பியிருந்தது.

“யாரு இதுக்குள்ள சுண்ணாம்பைப் போட்டது?” என்றார் மாமனார்.

பதில் எனக்குத் தெரியும். பஸ்களில் எத்தனையோ முறை சுரண்டியிருக்கிறேன். வாயைத் திறப்பதற்குள் சகலை பேசிவிட்டார்.

“சுண்ணாம்பு இல்லீங்க மாமா. இரும்புக்குச் செவப்பாத் துரு புடிக்கறாப்பல அலுமினியத்துக்கு இப்படி வெள்ளையாப் பூக்கும். இரும்புத் துரு உதிந்து உதிந்து உள்ளார போய்க்கிட்டே இருக்கும். இது அப்படி இல்லீங்க. மேல லேசா ஒரு தோல் கட்டிக்கிட்டு உள்ள இருக்கறதைக் காப்பாத்தும். உப்புத் தண்ணி தேங்கி நின்னாத்தான் அந்தத் தோலும் தாங்காது. பக்கத்துல இரும்பு வேற ஒட்டிக்கிட்டு இருக்குதல்லோ, அரிப்பு இன்னும் வெசையாப் புடிச்சுக்கும்.”

சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தையாவது தப்பாகச் சொல்ல மாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். என் மச்சினன், அதாவது மாமனாரின் ஒரே மகன், கொடிக்கால் வேலையை விட்டுவிட்டு வந்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

இரும்புச் சாமான்களில் எண்ணெய்க் கசடு கல்லாக இறுகிக் கிடந்தது. அதற்காகச் சகலை ஒரு தகர டப்பாவில் காஸ்டிக் சோடா கொண்டுவந்திருந்தார். வெல்லம் காய்ச்சும் பழைய கொப்பரை ஒன்று ஓட்டை அடைத்துக் கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றிச் சோடாவைக் கரைத்து, அடியில் தீ மூட்டி, இரும்புச் சாமான்களைக் கம்பியில் கோத்து இறக்கினார். எடுத்தபோது அவை புதுசாக வார்த்தது போல இருந்தன. கரும்புக் காட்டு ஆட்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மண்ணெண்ணெயும் கந்தல் துணியுமாக ஒரு பிரேக் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்க யாரும் வரவில்லை.

“அலுமினியம் எதையும் இதுல போடக் கூடாது” என்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதையும் நான்தான் சொல்வதாக இருந்தேன்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். கைகழுவப் போனோம். மச்சினன் மட்டும் பின்தங்கினான். அவர் சொன்னது அவன் காதில் விழவில்லையோ, விழுந்தும் மறந்தானோ தெரியாது. சின்ன அத்தானுக்கு ஒரு வேலையைக் குறைப்போம் என்று ஹெட்டைத் தூக்கிக் கொப்பரையில் இறக்கிவிட்டான்.

எண்ணெயில் ஈரமான பலகாரத்தைப் போட்டது போல ஒரு இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கொப்பரை நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. “ஐயோ, கரைஞ்சு போகுது!” என்று கத்திக்கொண்டு சகலை ஓடினார். நானும் கம்பியைத் தேடி ஓடினேன். அவர் கம்பிக்குக் காத்திருக்கவில்லை. வெறுங்கையை உள்ளே விட்டு ஹெட்டின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அடுத்த கணம் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

நான் அவரைத் தோளோடு அணைத்து வாய்க்காலுக்கு இழுத்துப் போனேன். ஓடுகிற தண்ணீரில் முழங்கைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம், போதும் என்று அவர் துடித்தார். தோலில் ஒட்டிய சோடாவின் வழவழப்புப் போகிறவரை நான் விடவில்லை. பிறகு வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரல்களிலும் புறங்கையிலும் தோல் வெந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆறிவிடும் என்றார் டாக்டர்.

இப்போது இன்ஜினைத் தொடுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. மாமனார் என்னைத் தேடிவந்தார்.

“மாப்ள, அது தேறுமுங்களா?”

ஹெட்டைப் பார்த்தேன். வெள்ளைப் பூ போய்விட்டது. அதோடு உலோகத்தின் மேல்தோலும் போய், முழுக்கக் கறுத்துச் சொரசொரப்பாகக் கிடந்தது. உடனே எடுத்துவிட்டதால் ஆழமாகத் தின்னவில்லை. “தேத்திப்போடலாமுங்க” என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நிறையத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன். கெட்டியாகப் புளி கரைத்துத் தரச்சொல்லி என் மனைவியிடம் கேட்டேன். அலுமினியத்துக்குக் காரம் ஆகாது, புளிப்பு ஆகும். சாம்பல் போட்டுத் தேய்த்தால் அலுமினியக் குண்டா கறுக்கிறதும் புளி போட்டால் வெளுக்கிறதும் எந்த வீட்டிலும் தெரிந்ததுதான். புளித்தண்ணீரை இளஞ்சூடாக ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். துளைகளுக்குள் மூங்கில் குச்சியைச் சீவி நுழைத்துச் சுரண்டினேன். இரும்புக் குச்சி பட்டால் கீறல் விழும், கீறலில் மறுபடி பூக்கும். கறுப்பு பெரும்பாலும் போனது. ஒரு மங்கல் மட்டும் தங்கிவிட்டது. அதோடு ஒரு தண்ணீர்த் துளையின் ஓரத்தில், பழைய அரிப்பு குடைந்து வைத்த குழி ஒன்று வெளிப்பட்டது. அங்கே சிறு துளை போட்டு, அலுமினியக் கம்பித் துண்டை அடித்து இறக்கி, அரத்தால் மட்டமாக்கினேன்.

நான் இத்தனையும் செய்துகொண்டிருந்தபோது வீடு முழுவதும் வேறொரு பக்கம் இருந்தது. சகலையைக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். மாமியார் சோற்றைப் பிசைந்து, “ஆ காட்டுங்க சாமி” என்று வாயில் ஊட்டினார். மாமனார் தானே விசிறியை எடுத்து வீசினார். மச்சினன் அழுத முகத்தோடு காலடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் வாழைத்தாரும் இளநீருமாக வந்து விசாரித்தார்கள். என்னைக் கடந்து போகிறவர்கள், “கை வெந்தவரு எந்த ரூமுலீங்க?” என்று என்னிடமே கேட்டார்கள்.

அந்தப் புண்ணின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தது. புளித்தண்ணீரில் ஊறி வெளிறிப்போன என் கைகளை என் மனைவியிடம் நீட்டி, “பாரு, எனக்கும் எரியுது” என்றேன்.

அவள் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். “ஏனுங்க, உங்களுக்கும் வெந்திருக்கோணும்னு பாக்கறீங்களா?” என்றாள்.

நாமக்கல் பஸ் ஏறினேன். ஹெட்டின் அடிமுகத்தைத் தேய்த்து மட்டமாக்குவதற்கென்று ஷெட்டில் பலகைபோல் தடித்த கண்ணாடி ஒன்று வைத்திருந்தேன். அதைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். மேடு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டபோதெல்லாம் அதைக் குழந்தையைப் போல மார்போடு சேர்த்துக்கொண்டேன். கண்ணாடியை மட்டமாகக் கிடத்தி, உலோகத்தைத் தேய்க்கிற எமரி மாவை எண்ணெயில் குழைத்துப் பூசி, அதன்மேல் ஹெட்டைக் கவிழ்த்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மேடான இடங்கள் முதலில் பளபளத்தன. முகம் முழுக்க ஒரே மாதிரி மினுங்கும்வரை தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து, இடையில் கசிவைத் தடுக்கிற புதுக் கேஸ்கெட் தகடு வைத்து முடுக்கினேன். ரேடியேட்டருக்குக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிக் காவிரித் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டி ஊற்றினேன்.

இன்ஜின் கொஞ்சம் இருமியது, புகை கக்கியது, பிறகு நின்று ஓடியது. மாமனார் சிரித்தார். நேரே உள்ளே போய், “சின்ன மாப்ள, கேட்டீங்களா சத்தத்தை!” என்றார்.

முதல் ஓட்டம் நாமக்கல் சாலையில். மாமனார் ஓட்டினார். இன்ஜின் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்று நான் முன்னால் உட்கார்ந்தேன். சகலை பின்னால் கட்டுப்போட்ட கையோடு தலையணைமேல். மாமனார் சாலையைப் பார்த்ததைவிடத் திரும்பிப் பின்னால் பார்த்ததுதான் அதிகம். “குலுக்குதுங்களா? மெதுவாப் போகட்டுங்களா?”

கடைசியில் சகலையே சங்கடப்பட்டுவிட்டார்.

“மாமா, என்னைய உடுங்க. நான் கொண்டாந்த சோடாவுல கெட்டுப்போன சாமானை அண்ணன்தான் உசுரு குடுத்து ஓட வச்சிருக்கறாரு. அவரை ஒரு வார்த்தை கேக்கலீங்களே?”

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒன்றைக் கேட்கவேண்டும் என்பதே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

“அவருக்கென்னுங்க, அவரு நம்மூட்டு ஆளு” என்றார். பிறகு சாலையைப் பார்த்து ஓட்டினார்.

அந்தச் சொல்லை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். வீட்டு ஆளுக்கு யாரும் கோழி அடிப்பதில்லை, விசிறுவதில்லை, ஊட்டுவதில்லை. வீட்டு ஆள் கார் அடியில் கிடப்பான், கிடப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். அவர் எனக்குக் கொடுத்த இடம் பெரிய இடம்தான் என்று என் மனைவி சொன்னாள். இருக்கலாம். ஒரு நாளாவது விருந்தாளியாக இருந்து பார்த்திருந்தால் எனக்கும் அது புரிந்திருக்கும்.

சகலையின் கை ஆறியது. புறங்கையில் வெளிறிய தழும்பு மட்டும் நின்றது. அதற்குப் பிறகு மேட்டூரில் அலுமினியச் சாமான் எது பூத்தாலும் சாக்கில் கட்டி, கண்டக்டர் கையில் கொடுத்து என் ஷெட்டுக்கு அனுப்பிவைப்பார். நான் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவேன். நேரில் பார்த்தால் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருப்போம். என்னை அண்ணா என்று அவர் கூப்பிட்டதில் ஒருநாளும் பொய் இருந்ததில்லை.

பிறகு ஒருநாள் தொழிற்சாலையில் அவருக்கு மின்விளக்கு போட்ட வீடு கொடுத்திருக்கிறார்கள் என்று மனைவியின் தங்கையிடமிருந்து சேதி வந்தது. என் மனைவி சந்தோஷத்தில் கைதட்டினாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, எங்கள் வீட்டு அரிக்கேன் விளக்கின் திரியைத் தேவைக்கு மேல் தூண்டிவிட்டேன்.