பூமுடி கொடுக்கப் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரன் மலையில், கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைப் பார்த்ததும் என் அக்கா மகள் சிந்து இரண்டடி பின்னால் நகர்ந்தாள். நகர்ந்தவள் என் காலை மிதித்தாள். சுண்டுவிரல் இன்னும் வலிக்கிறது... அதை விடுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

சிந்துவுக்கு இருபத்தைந்து வயது. பிறந்தது, படித்தது, இப்போது வேலை பார்ப்பது எல்லாமே மைசூர். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் வீட்டுக்குள் மட்டும் — அதிலும் பாதி, அம்மாவிடம் திட்டு வாங்கிக் கற்றது.

போன தீபாவளிக்குத் தலை வாரும்போதுதான் கவனித்திருக்கிறாள். நடு வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. அன்றிலிருந்து பெண் அடியோடு மாறிவிட்டாள். ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் கேமரா ஆஃப். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வயிற்றுவலி என்று வரவில்லை. பூ வைப்பதையும் விட்டுவிட்டாள். ஹேர்பின் நிற்கிற அளவுக்குக்கூட முடியில் அடர்த்தி இல்லையாம்.

சின்ன வயதில் முடி கொட்டினால் முதலில் வந்து சேர்வது யார், டாக்டரா? இல்லை, ஆலோசகர்கள்! வெங்காயச் சாறு தேய்க்கச் சொன்னார் மாடி வீட்டுக்காரர். அவர் தலையோ வழவழவென்று இருக்கும். தண்ணீர்தான் காரணம் என்றார்கள், ஷாம்பூதான் என்றார்கள், ராத்திரி போன் பார்ப்பதுதான் என்றார்கள். நான் மட்டும் யோக்கியமா என்ன? மைசூர் மண்டி மொஹல்லா கடைவீதியில் சந்து சந்தாக அலைந்து, ஒரு நாட்டு மருந்துக் கடையில் பச்சை நிற எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரு மாதம் தேய்த்தாள். தலையணை உறை பச்சையானதுதான் மிச்சம்.

கடைசியில் அவளே போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தாள். துணைக்கு நான்.

அந்த டாக்டரம்மா எண்ணெய் பற்றிப் பேசவே இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரும்புச்சத்து குறைவு என்று வந்தது, அதற்கு மாத்திரை. வகிட்டில் போட மினாக்சிடில் என்று ஒரு மருந்து. நான் சும்மா இருப்பேனா... சொந்த ரத்தத்தையே எடுத்து மண்டையில் ஊசி போடுகிறார்களாமே, முடியை எடுத்து நடுகிறார்களாமே என்று கேட்டேன். ஊசி சிலருக்குப் பலன் தரும், அதைப் பிறகு பார்க்கலாம். நடுவதற்கெல்லாம் இந்த வயதில், இந்த அளவுக்கு அவசரமே இல்லை என்றார். நாலு மாதமாவது பொறுமை வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார் — மருந்து போட ஆரம்பித்த முதல் சில வாரங்கள் முடி கூடுதலாகக் கொட்டலாம், பயப்படாதீர்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை சிந்து கேட்டாள், நான் கேட்டேன். வீட்டில் இருந்த அக்கா கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தை முடி அடைத்துக்கொண்டது. அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு கைப்பிடி! எங்கள் பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் முதலில் யார் ஞாபகம் வரும்? மாதேஸ்வரன்தான். ஈரக் கையோடு, அங்கேயே நின்று வேண்டிக்கொண்டுவிட்டாள்.

மாதங்கள் போயின. கொட்டுவது நின்றது. ஒரு நாள் காலையில் சிந்து போனில் கூப்பிட்டு, "சித்தி, வகிடு ஓரத்துல குட்டி குட்டியா முளைக்குது" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைப்பானேன்?

டாக்டரம்மா மருந்தால்தான் என்றார். அக்கா மாதேஸ்வரன்தான் என்றாள். என் எண்ணெய் பெயரை யாரும் எடுக்கவில்லை.

பிறகுதான் அக்கா அறிவித்தாள், மலைக்குப் போய் பூமுடி வேண்டுதலை நிறைவேற்ற வேண்டும் என்று. சிந்து மறுப்பே சொல்லவில்லை. பூமுடிதானே, அவ்வளவுதானே என்று மட்டும் கேட்டாள். அஞ்சு நிமிட வேலை என்றாள் அக்கா.

போன ஞாயிறு காலையில் சிந்து இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு கிளம்பினாள், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. நாலு ஹேர்பின் குத்தித்தான் நிறுத்தினாள், ஆனால் நின்றது. கொள்ளேகாலில் பஸ் மாறி மலையேறும் வரை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மேலே போனதும் அக்கா நேராக முடி எடுக்கும் கூடத்துக்கு அழைத்துப் போனாள். கத்தரிக்கோல்காரர் இரண்டு பாஷையும் பேசுகிறவர். எங்களைப் பார்த்ததுமே தமிழில் கேட்டார்: "பூமுடியா, மொட்டையா?"

சிந்து என் காலை மிதித்தது இந்த இடத்தில்தான்.

நமக்குப் பூமுடி என்றால் தெரியும். மொட்டை போட முடியாத பெண்கள் நுனி முடியில் மூன்று கத்தரி கொடுத்துவிட்டு வருவது. கன்னடத்தில் 'ஹூ முடி' என்றால்? பூ வைத்துக்கொள்! ஆக, அம்மா சாமிக்கு முடி கொடுப்பதைச் சொல்லியிருக்கிறாள். மகள் பூ வைத்துக்கொண்டு சாமியைப் பார்ப்பதைக் கேட்டிருக்கிறாள். இரண்டு மாதமாக ஒரே வீட்டில், ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு, ஆளுக்கொரு மலை ஏறியிருக்கிறார்கள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக்கூடாது.

"பேடம்மா" என்றாள் சிந்து. வேண்டாம் என்பதைக்கூட அவசரத்தில் கன்னடத்தில்தான் சொல்ல வந்தது. "ஒவ்வொரு முடியும் எப்படி வந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். இன்னைக்கு வெட்டுன்னா நான் எப்படி உட்காருவேன்?"

சாமிக்குச் சொன்னதை மாற்றக்கூடாது என்றாள் அக்கா. அப்படியானால் என்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள் மகள். நியாயம்தானே? அவள் தலை, அவள் முடி! இருந்தாலும் அக்காவைப் பார்த்தால் அதுவும் பாவமாக இருந்தது. பின்னால் வரிசை நீண்டது. மைசூர், பெங்களூர் பிள்ளைகளுக்குப் பூமுடி என்றால் என்னவென்று இங்கே வந்துதான் தெரிகிறது என்று கத்தரிக்கோல்காரர் என்னிடம் முணுமுணுத்தார். அவசரமில்லை, பேசி முடிவு பண்ணுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்.

அக்கா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"நான் முடிக்காக வேண்டிக்கல கண்ணு" என்றாள். "வீட்டுக்குள்ளயே துப்பட்டாவைத் தலைக்குச் சுத்திக்கிட்டு இருந்தே. என்கிட்ட எதுக்கு மறைக்கணும்? பழையபடி என் முன்னால உக்காந்து தலை வாரிக்கிட்டாப் போதும்னுதான் வேண்டினேன்."

பத்து மாதம் அந்தப் பெண்ணின் தலையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணெய், சாறு, மாத்திரை, ஊசி என்று ஆளாளுக்குப் பேசினோம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவளைப் பற்றி அக்கா ஒருத்திதான் யாரிடமோ மனு போட்டிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து சிந்து என் பக்கம் திரும்பினாள். "சித்தி, நுனியை வெட்டினா வேருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது" என்றேன். இந்த விவகாரத்தில் டாக்டர் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அவளே போய் உட்கார்ந்தாள். ஒரு விரல் அளவுக்கு மேல் கூடாது என்று கன்னடத்தில் கறாராகச் சொன்னாள். மூன்று கத்தரி. கண்ணை இறுக்க மூடியிருந்தாள். அக்காவின் கையையும் அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தாள். அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின் சீட்டில். மலை இறங்கி முடிக்கும் நேரத்தில், சந்நிதியில் இன்னொன்றும் வேண்டிக்கொண்டிருப்பதாக அக்கா மெதுவாக ஆரம்பித்தாள்.

சிந்து கையைக் காட்டி நிறுத்தினாள்.

"முதல்ல அதைக் கன்னடத்துல சொல்லும்மா."