இருட்டாகத் தெரிந்த சவுக்கு

ஓசூரில் நான் பார்த்த ஏழெட்டு வேலைகளில், மரம் சீவும் வேலை ஒன்றுதான் நிழலில் கிடைத்தது. அது ஒரு மர ஆராய்ச்சிக் கூடம். கட்டையை ஊறவைத்து, மெஷினில் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் வைத்துத் தரவேண்டும். அங்கே ஆராய்ச்சி செய்யும் மேடம் அதன்மேல் ஒரு சொட்டு விடுவார். அது அங்கேயே செய்த புரதம். ஒரு முனை மரத்திலுள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனை பச்சையாக ஒளிரும்.

"சர்க்கரைன்னா மரம் ஏன் மேடம் இனிக்கல?" என்று கேட்டேன்.

"கரையானைக் கேளு" என்றார்.

கை பழகுவதற்கு வீண் கட்டை ஏதாவது கொண்டுவரச் சொன்னார். நான் ஒரு சென்ட்ரிங் மேஸ்திரியோடு அறையில் தங்கியிருந்தேன். அவர் வேலை பார்த்த கட்டடத்தில், தளத்துக்கு முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகளின் அறுத்த நுனிகள் கிடந்தன. ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கூடத்திலிருந்த புதுச் சவுக்கு மைக்ராஸ்கோப்பில் பச்சை வலைபோல ஒளிர்ந்தது. என் துண்டு ஒளிரவில்லை. "வேற ஏதாவது மூடியிருந்தாலும் இப்படித்தான் தெரியும்" என்று மேடம் அதைக் கழுவி மறுபடி சொட்டு விட்டார். அப்போதும் இருட்டு.

"சர்க்கரையப் பூஞ்சை தின்னுடுச்சு. வெளிய பாத்தா தெரியாது. இந்தக் கம்பு எங்க இருக்கு?"

சொன்னேன். "ஓடு" என்றார்.

முந்தின நாள்தான் அந்தத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டிருந்தார்கள்; பாரம் முழுவதும் இன்னும் கம்புகள்மேல்தான். வேலையாட்கள் அதன் கீழே, கம்புகளுக்கு நடுவில், நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி வாசலில் பீடி பிடித்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஒவ்வொண்ணையும் சுத்தியால தட்டித்தான்டா நிறுத்தினேன். சத்தம் பொய் சொல்லுமா?"

"உத்தனப்பள்ளி சைட்டுல மழைக்காலம் பூரா மண்ணுல கெடந்த கம்புதானேண்ணா?"

அவர் பீடியை அணைத்தார். மிச்சமிருந்த கம்பொன்றை எடுத்துச் சுத்தியால் தட்டினார். கணீரென்றது. என்னைப் பார்த்துக்கொண்டே அதை இரண்டு செங்கல்மேல் வைத்து ஏறி நின்றார். நல்ல சவுக்கு நார்நாராகக் கிழிந்துதான் முறியும். இது ரஸ்க் போல மொட்டையாக ஒடிந்தது.

மேஸ்திரி உள்ளே பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"தூக்குப் போசிய எடுத்துக்கிட்டு எல்லாரும் மெதுவா வெளிய வாங்க. எதுலயும் சாயாதீங்க."

"வெயில்ல குந்தித் திங்கவா மேஸ்திரி? மாமியா வீட்டு விருந்தா?" என்று சித்தாள் ஒருத்தி கேட்டாள். யாரோ சிரித்தார்கள். ஒருவன் எழுந்திருக்கப் பக்கத்துக் கம்பைப் பிடித்தான்.

"அதத் தொடாத!"

சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராகக் குனிந்து வந்தார்கள். கடைசி ஆள் வெளியே வரும்வரை மேஸ்திரி சுத்தியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். ஒரு கம்பையும் தட்டிப் பார்க்கவில்லை.