கடலைக்காட்டுக் கம்பம்

எலப்புள்ளிக்குக் கிழக்கே மின்சாரக் கம்பிகள் இழுக்கும் வேலையில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, குழி தோண்டுவதற்கென்று ஒருவரைப் பாலக்காட்டு ஆபீஸிலிருந்து அனுப்பிவைத்தார்கள். மாநிலம் பிரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஃபைல்கள் சென்னைக்குப் போவதா, திருவனந்தபுரத்துக்குப் போவதா என்று ஆபீஸே திண்டாடிக்கொண்டிருந்த சமயம். வேறு எங்கோ போகவேண்டிய ஆள் அந்தக் குழப்பத்தில் தவறி எங்களிடம் வந்துவிட்டார் என்பது எங்கள் மேஸ்திரியின் கட்சி.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சலவை வேட்டி, தோளில் பச்சைக்கரைத் துண்டு, எண்ணெய் போட்டு நீவிய மீசை. கடப்பாரை பிடிக்க வந்தவராகத் தெரியவில்லை; மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். வந்ததும் எனக்கு ஒரு கும்பிடு, மேஸ்திரிக்கு ஒரு கும்பிடு, கம்பங்களை இழுத்து வந்த வண்டிமாடுகளுக்கு ஆளுக்கொரு தடவல்.

கம்பம் நடும் குழி சாதாரணக் குழி இல்லை. மேலே ஒரு சாண் செம்மண்தான். அதற்குக் கீழே சுக்காம்பாறை. கடப்பாரை பட்டால் பொறி பறக்கும். மற்றவர்கள் பகலுக்குள் ஒரு குழியை முடித்து அடுத்ததற்குக் கோடு போடுவார்கள். இவர் குழியில் சாயங்காலம் பார்த்தால் ஒரு கோழி படுத்துக்கொள்ளலாம். அந்த ஆழம்தான்.

காரணம் சோம்பல் இல்லை. பேச்சு. வரப்பில் யாராவது நடந்துபோனால் கடப்பாரையைத் தரையில் ஊன்றிவிடுவார். "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்று ஆரம்பிப்பார். போகிறவர் நிற்பார். பிறகு உட்காருவார். கொஞ்ச நேரத்தில் வெற்றிலைப் பை அவிழும். பனையேறுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், சந்தைக்குக் கூடை கொண்டுபோகிற பெண்கள் எல்லோருக்கும் அவர் பத்து நாளில் சொந்தக்காரர் ஆகிவிட்டார். எனக்கு அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கேட்டாலே யோசித்துத்தான் கொடுத்தார்கள்.

இந்த நிலையில்தான் எங்கள் இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். திருச்சூர்ப் பக்கத்துக்காரர்; தமிழை மலையாளத்தில் ஊறவைத்துப் பேசுவார்.

"டேட் கொடுத்தாச்சு. வேலைக்கு முன்னாடி லைட் எரியணும். இனி மாற்றான் பற்றில்ல, கேட்டோ?" என்றார். தேதியை இனி மாற்ற முடியாதாம்.

அந்தப் பக்கம் பகவதி கோயில் திருவிழாவுக்கு வேலை என்றுதான் பெயர். வேலை வருவதற்குள் வேலை முடியவேண்டும் என்று மேஸ்திரி இதையே ஒரு பாட்டாக்கி, புது ஆளின் குழியருகே போகும்போதெல்லாம் பாடினார். அவரும் ரசித்துத் தலையாட்டினார்.

நான் எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். முதலில் அதட்டினேன். அவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், பாதியில் எனக்கே கூச்சமாகி, "சரி சரி, சாப்பிட்டீங்களா?" என்று முடித்துவிட்டேன். அடுத்து, எங்களிடம் இருந்ததிலேயே வேகமான ஆளை அவருக்கு ஜோடியாகப் போட்டேன். அந்த ஆளைப் பார்த்து இவர் வேகம் கூடும் என்பது என் கணக்கு. சாயங்காலம் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் குழி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வேகமான ஆள் தன் தங்கை கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்லி அழுதுகொண்டிருந்தான். "மனசுல வெச்சிருந்தா வேல ஓடாதுங்க, அதான் சொல்லச் சொன்னனுங்க" என்றார் இவர். கடைசியாக, ஆள் நடமாட்டமே இல்லாத மேட்டில் தனியாக விட்டேன். ஒரு நாள் பொறுத்தார். மறுநாள் ஆட்டுக்காரர்கள் மந்தையையே அந்த மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

"திருப்பி அனுப்பிப்போடுங்க சார்" என்றார் மேஸ்திரி. "இவருக்குப் பதிலா ஒரு எருமையக் குடுத்தாக்கூடப் போதும். அது பேசாது."

ஆபீஸுக்கு எழுதுவதற்கு முன் ஒரு தடவை நேராகக் கேட்டுவிடலாம் என்று மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையைக் காட்டச் சொன்னேன். காய்ப்பே இல்லாத கை. கொப்புளம் உடைந்து பல இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. துணி சுற்றிக்கொண்டு தோண்டியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"மாட்டுத் தரகுங்க. வாணியங்குளம் சந்தை, பொள்ளாச்சிச் சந்தை, எல்லாப் பக்கமும் போவனுங்க."

"அதை ஏன் விட்டீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். "மாமனாரு ஊட்ல புடிக்கலீங்க. ரண்டாவது மருமவன் ரயில்வேல இருக்கறானுங்க. மொத மருமவன் மாட்டுத் தரகன்னு சொல்றதுக்குச் சங்கடமா இருக்குதுன்னுட்டாங்க. மாமனாருதான் யாரையோ புடிச்சு இதுல சேத்துவுட்டாரு. கவர்மென்ட் வேல பாருங்க." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "கையும் வாயும் எனக்கு ஒண்ணா ஓடாதுங்க. ஒண்ணு ஓடுனா ஒண்ணு நின்னுபோகுது."

அன்று நான் ஒன்றும் எழுதவில்லை. இரக்கத்தால் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். எழுதி அனுப்பினாலும் வேலை முடிவதற்குள் மாற்று ஆள் வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த வாரமே பெரிய சிக்கல் ஒன்று வந்தது. கம்பங்களின் வரிசை ஓர் அம்மாளின் கடலைக்காட்டுக்கு நடுவே போனது. கணவர் இறந்தபின் தனியாக நின்று பண்ணையம் பார்க்கிறவர். அவர் வெளியூர் போயிருந்த நாளில் எங்கள் ஆட்கள் குழியைத் தோண்டிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தவர் சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரு முக்காலியைக் குழிக்குள் இறக்கச் சொல்லி, தாமும் இறங்கி, குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். வெளியே தெரிந்தது குடை மட்டும்தான்.

நான் போய்க் குழி விளிம்பில் நின்று சட்டம் பேசினேன். குடையைப் பார்த்துப் பேசுவது சுலபமில்லை.

"இது சர்க்கார் காரியம்மா. ஊருக்கெல்லாம் வெளிச்சம் வரும்."

"வரட்டுமுங்க" என்றது குடை. "நானும் இங்கயே உக்காந்து பாக்கறன்."

இன்ஜினியருக்குச் செய்தி போனது. போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அது முடிவதற்குள் வேலையும் முடிந்து, திருவிழா யானைகளும் திரும்பிப் போயிருக்கும். நான் தலையில் கைவைத்து நின்றபோது, மேட்டிலிருந்து பச்சைக்கரைத் துண்டு இறங்கி வந்தது.

"நான் ஒரு வார்த்த பேசிப் பாக்கட்டுங்களா?"

"ஒரு வார்த்தையா!" என்றார் மேஸ்திரி.

அவர் குழிப்பக்கம் போகவே இல்லை. கிணற்றடியில் கட்டியிருந்த பசுவைச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஏனுங்கக்கா, இது மூணாவது ஈத்துங்களா?"

"நாலு" என்றது குடை.

"நாலா? பாத்தாத் தெரியலீங்களே! பின்னங்கால்ல ஏதோ வலி இருக்கும்போல. ராத்திரில படுக்கறதுக்குத் தட்டுத் தடுமாறுதுங்களா?"

குடை மடங்கியது. அம்மாள் எழுந்து, கைலாகு கேட்காமல் மேலே ஏறி, புடவையைத் தட்டிக்கொண்டு பசுவிடம் போனார். இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பசுவின் காலைக் குனிந்து பார்த்தார்கள்.

இதுதான் சமயம் என்று மேஸ்திரி கை காட்ட, எங்கள் ஆட்கள் கம்பத்தைத் தோளில் தூக்கிக் குழியருகே ஓடினார்கள். நானும் தடுக்கவில்லை, கண்ணெதிரே தெரிந்தது காலண்டர்தான். பசுவின் காலை விட்டு அவர் திரும்பிப் பார்த்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

"கீழ வெய்யுங்க! அந்தக்கா எந்திரிச்சது மாட்டக் காட்டறதுக்குங்க. கம்பத்துக்கு இல்லீங்க."

ஆட்கள் தோளில் கம்பத்தோடு அப்படியே நின்றார்கள். அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கீழே வைக்கச் சொன்னேன்.

பிறகு கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். பசுவின் கால், கடலை விலை, எனக்குக் கேட்காத ஏதேதோ. முடிவில் இவர், மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி, துண்டைத் தன் கைமேல் போட்டு நீட்டினார். அம்மாள் சிரித்துவிட்டார். "மாடு விக்கறதில்லீங்க. போங்க, கம்பத்தைக் கெழக்கு வரப்புல நட்டுக்கங்க."

வரப்பில் நட்டால் வரிசை கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். புதிய குழியை மேஸ்திரியே இறங்கித் தோண்டினார். மூச்சிரைக்க வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், அவரைக் குழிப்பக்கம் விடாதீங்க. முன்னாடி அனுப்பிப்போடுங்க. நாங்க தோண்டிக்கறம்."

அப்படியே செய்தோம். அவர் ஒரு நாள் முந்திப் போய்க் காட்டுக்காரர்களிடம் பேசி, எங்கே நட்டால் ஏர் ஓட்ட இடைஞ்சல் இல்லை என்று கேட்டுக் கல் ஊன்றிவிட்டு வருவார். பின்னால் நாங்கள் போவோம். குழி தோண்டும் இடத்துக்கு மோர் வந்தது. எனக்கும் தண்ணீர் கேட்காமலே கிடைத்தது.

வேலைக்கு முன்பே விளக்கு எரிந்தது. மேடையில் பெரியவர் ஒருவர் பொத்தானை அமுக்க, கோயில் முன்னால் வெளிச்சம் வந்து, ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். அந்தச் சந்தோஷத்தில் இன்ஜினியர் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தபோது, கடலைக்காட்டு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எல்லாம் நல்லாருக்குதுங்க. எங்க மாட்டுக் கொட்டாய்க்கு எப்ப வருது?"

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் பச்சைக்கரைத் துண்டைத் தேடினேன். அவர் யானைக்குப் பின்னால் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் எனக்குக் கேட்காமல் போனது என்ன என்று அப்போதுதான் விளங்கியது. மாட்டுக் கொட்டகை மட்டுமில்லை. ஒருவருக்கு மோட்டார், ஒருவருக்குக் களத்தில் விளக்கு என்று வழி நெடுக வாக்குக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார்.

"பசுவுக்கு எந்தினாடோ லைட்?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"அதுக்குப் பின்னங்கால் வலிங்க" என்று அம்மாள் விளக்கினார்.

கொட்டகைக்கு விளக்கு வந்தது. நான் நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தேன். மற்றவர்களுக்கும் முறைப்படி மனு எழுதவைத்து, ஒவ்வொன்றாக முடிப்பதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது. அவரைப் பற்றிய ரிப்போர்ட்டில், குழி தோண்டும் வேலைக்கு ஏற்றவர் அல்ல, காட்டுக்காரர்களிடம் சம்மதம் வாங்கும் வேலைக்கு இவரை விட்டால் ஆள் இல்லை, ஆனால் வாக்குக் கொடுக்கும்போது கூட ஒருவர் இருப்பது நல்லது என்று எழுதினேன். பாலக்காட்டு ஆபீஸிலேயே அந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மாமனார் வீட்டில் அவருக்கு நாற்காலி போட்டதாகச் சொன்னார்.

அடுத்து என்னைப் பீர்மேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே தேயிலைத் தோட்டங்களின் ஓரமாகக் கம்பிகள் போகவேண்டும். லயத்து வீடுகளில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர்கள், தாங்கள் போட்ட காய்கறிப் பாத்தியில் கம்பம் வரக்கூடாது என்று நின்றார்கள். அவரை அனுப்பி உதவும்படி பாலக்காட்டுக்கு எழுதினேன். அவரை விட்டுக்கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. சரி, அவர் வழியில் நாமே பேசிப்பார்ப்போம் என்று, மழையில் குடையோடு போய் அங்கிருந்த கங்காணியிடம் குளிரைப் பற்றி விசாரித்தேன், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன், பீன்ஸ் கொடி நன்றாக ஏறியிருப்பதாகப் பாராட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கம்பத்த எங்க நடப்போறீய? அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

அந்த வேலை ஒரு மழைக்காலம் தள்ளிப்போயிற்று.