ஜப்பான் ஜெயித்ததாகச் சொன்ன நாள்

எங்கள் குடும்பத்தில் யாரும் குதிரைமேல் ஏறியதில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரையைக்கூட, "உதைக்கும், தள்ளி வா" என்று சொல்லித்தான் அம்மா எனக்குக் காட்டுவாள். ஆனாலும் என் சிறுவயதில் வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜப்பான் குதிரைகளும் அயர்லாந்துக் குதிரைகளும் மோதிக்கொண்டன.

ஜப்பான் கட்சி என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். மேற்கு மாம்பலத்தில் எங்களுக்கு அடுத்த சந்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. சின்னப் பையனாக இருந்தபோது கிண்டியில் ஒரு குதிரை லாயத்தை ஒட்டிக் குடியிருந்தாராம். அங்கே பிடித்த பைத்தியம். அயர்லாந்துக் கட்சி என் அப்பா. தி.நகரில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் மைத்துனரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தவித்தவர், அவர் ஜப்பான் என்றதும் இவர் அயர்லாந்து என்றாராம். அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்போது அப்பாவுக்குத் தெரியாது என்பாள் அம்மா.

இருவரும் ஒருநாளும் பந்தயத்தில் பணம் கட்டியவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வாக்குவாதம் மட்டும்தான். ஞாயிறு சாயங்காலமானால் மாமா பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்துவிடுவார். கம்ப்யூட்டரில் துபாய், ஹாங்காங், லண்டன் என்று எங்கெங்கோ ஓடிய குதிரைகளைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரே ஓட்டத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சண்டை போடுவார்கள்.

"இன்னா மாப்ள, டைமப் பாரு டைமப் பாரு" என்பார் மாமா. "இந்த டைம்ல உன் அயர்லாந்து குதிரை பாதி தூரம்கூட வந்திருக்காது."

"டைம் பாக்கறதுக்கு இது என்ன தாம்பரம் எலக்ட்ரிக் டிரெயினா மச்சான்? கட்டாந்தரையில எதுவும் ஓடும். பாரீஸ்ல ஜெயிச்சுக் காட்டச் சொல்லுங்க, பாப்போம்."

இது அப்பாவின் கடைசி அஸ்திரம். அக்டோபரில் பாரீஸில் நடக்கும் பெரிய பந்தயத்தில் ஜப்பான் குதிரை ஒன்றுகூட ஜெயித்ததில்லை. வருஷா வருஷம் வந்து தோற்றுப்போகும். அந்தப் பேச்சு வந்தாலே மாமாவுக்கு முகம் சிவந்துவிடும். "மழையில ஊறின புல்லு அது. பந்தயமா அது? நாத்து நடுற வயலு!" என்று கத்துவார். அப்பா பதிலுக்குக் கத்துவார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒருமுறை பயந்துபோய்க் கதவைத் தட்டினார்கள். எனக்கும் பயம்தான். இத்தனை கத்திக்கொள்கிறவர்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது, ஆடி மாதம் ஒரு காலையில் மாமா கடையைத் திறக்கப் போனவர் ஷட்டரைப் பாதி தூக்கியபடியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை விளங்கவில்லை, பேச்சும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அக்கா, வார்த்தைகளெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். மாமாவைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் குனிந்து, மெதுவாக, சின்னக் குழந்தையிடம் கேட்பதுபோல, "நான் யாரு, தெரியுதா?" என்று கேட்டார்கள். மாமாவின் மனைவி, என் அத்தை, என் தம்பியின் எல்கேஜி புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். அதைப் பிரித்துக் காட்டுகிற வேலை எனக்கு. "மாமா, இது வாழைப்பழம். சொல்லுங்க, வா... ழை..." என்பேன். மாமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு வாழைப்பழம் பிடிக்காதுபோல என்று நினைத்து யானைப் பக்கத்தைத் திருப்புவேன்.

அந்த வீட்டில் இனிமேல் குதிரைப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அம்மா அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கோபம் வந்தால் ரத்தக்கொதிப்பு ஏறும், மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். அப்பாவும் அப்படியே நடந்துகொண்டார். தினமும் வேலை முடிந்ததும் மாமா வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, "சாப்டீங்களா மச்சான்? மாத்திரை போட்டீங்களா?" என்று நாங்கள் கேட்டே இராத ஒரு குரலில் கேட்பார். மாமா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து வந்துவிடுவார். கம்ப்யூட்டரை அவர் திறப்பதே இல்லை.

அக்டோபரில் அந்தப் பாரீஸ் பந்தயத்துக்கு மட்டும் திறந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜப்பான் குதிரை கடைசி வளைவில் எல்லாவற்றையும் தாண்டி முன்னால் வந்தது. அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் அது தளர்ந்தது. உள்ளூர்ப் பிரெஞ்சுக் குதிரை ஒன்று அதைப் பிடித்துத் தாண்டிவிட்டது. அயர்லாந்துக் குதிரை எங்கேயோ பின்னால். அப்பா "ச்சே" என்று திரையை அணைத்தார். ஜப்பான் தோற்றதற்கு அவர் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மாவும் நானும் மாமா வீட்டில் இருந்தோம். மாமா அன்று ஒரே அமர்க்களம். காலையிலிருந்து இடது கையை நீட்டி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் காட்டிக்கொண்டே இருந்தாராம். அத்தை முதலில் அன்றைய திதியைச் சொன்னாள். பிறகு ராசிபலன் படித்துக் காட்டினாள். ராகுகாலமும் சொல்லிப் பார்த்தாள். மாமா தலையைத் தலையை ஆட்டினார், கை இறங்கவில்லை.

அந்த நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். மாமாவின் கையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். மாமா கேட்பது என்ன என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். அப்பா கட்டிலோரமாக உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"பாரீஸ் பந்தயம்தானே மச்சான்? ஜப்பான்தான் ஜெயிச்சுது" என்றார். "நல்லா ஓடுச்சு. நீங்க இத்தினி வருஷமா சொன்னதுதான் சரி. நான்தான் தெரியாமப் பேசிக்கிட்டிருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அத்தை, "பாத்தியா, உன் ஜப்பானு ஜெயிச்சிடிச்சாம்" என்று மாமாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மாமா சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே உற்றுப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, "பொ..." என்று ஒரு சத்தம் வந்தது.

"போர்வையா? குளுருதா?" என்று அத்தை ஓடிப்போய்ப் போர்வையை எடுத்து வந்தாள். மாமா அதை இடது கையால் உதறித் தள்ளினார்.

"பொ... பொ..."

"பொங்கல் கேக்கறியாண்ணே?" என்றாள் அம்மா.

மாமா கண்ணை இறுக மூடி, அந்தப் பழைய ஷட்டரைத் தூக்குவதுபோல உடம்பெல்லாம் முறுக்கி, "பொய்!" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அத்தை போர்வையோடு அப்படியே நின்றாள்.

"பொய்... மாப்ள" என்றார் மாமா மறுபடியும், இன்னும் தெளிவாக.

அப்பா மாமாவின் இடது கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஆமா மச்சான். பொய்தான்" என்றார். "தோத்துட்டுது." அடுத்த நொடியே அவர் குரல் பழைய சத்தத்துக்கு ஏறியது. "தோக்காம என்ன செய்யும்? அவ்ளோ முன்னாடியே மூச்சைக் கொட்டிட்டா கடைசியில என்ன மிச்சம் இருக்கும்? அயர்லாந்துக்காரன் அப்படி விடுவானா?"

"மழ..." என்றார் மாமா.

"மழையாம் மழை! அது ஓடுன அதே மழையிலதான மத்த குதிரையும் ஓடுச்சு?"

மாமா புருவத்தைத் தூக்கினார். "அயர்... லாந்து?" என்று கேட்டார்.

அப்பா சட்டென்று அடங்கினார். "அது... அது வேற விஷயம் மச்சான்" என்றார். மாமாவின் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சிரிப்பு கிளம்பியது.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மாமாவுக்குக் கோபம் வரக் கூடாது என்று இத்தனை நாள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள்; இப்போது அப்பாவே கத்துகிறார். "வேணாம்ப்பா, சண்டை போடாதீங்கப்பா" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அம்மா தடுப்பாள் என்று பார்த்தால், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அத்தைதான் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விடுடி, பேசட்டும். நல்லா பேசிக்கினு கெடக்கட்டும்" என்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நிஜமாகவே ஜப்பான் ஜெயித்திருந்தால், அப்பா ஆயிரம் சாக்குகளோடு வந்து கட்டிலருகே நின்று கத்தியிருப்பார். அவ்வளவு பணிவாகத் தோல்வியை ஒப்புக்கொண்டதில்தான் பொய் தெரிந்துவிட்டது. எல்லோரும் கொஞ்சுவதை மாமா பொறுத்துக்கொண்டார். அப்பாவும் விட்டுக்கொடுத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இதெல்லாம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

அன்று வீடு திரும்பும் வழியில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் அம்மா சூடம் ஏற்றினாள். அப்பா செல்போனில் யார் யாரையோ கூப்பிட்டு, "மச்சான் என்னைப் பொய்யன்னு சொல்லிட்டார்! ஆமா, தெளிவா சொன்னார்!" என்று தெருவே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். திட்டு வாங்கிவிட்டு இத்தனை சந்தோஷப்படுகிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாவம், அதிர்ச்சியில் இப்படி ஆகிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளையார் முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்பாவும் மாமாவும் இனிமேல் சண்டையே போடக் கூடாது சாமி என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

நல்லவேளை, அது பலிக்கவில்லை.