கப்பிக் குஞ்சுகளுக்கு அம்மை

இரண்டாவது கருவும் கலைந்த பிறகு நான் யாரோடும் பேசாமல் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள், பப்பாளி சாப்பிட்டாயா, பஸ்ஸில் போனாயா என்று விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டுப் போனார்கள். என் கணவர்தான் ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் இருந்த வண்ண மீன் கடையிலிருந்து சின்னக் கண்ணாடித் தொட்டியும் நாலு கப்பி மீன்களும் வாங்கி வந்தார். "சும்மா பாத்துட்டு இரு," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வயிறு பெருத்திருந்த ஒரு மீன் குட்டி போட ஆரம்பித்தது. சீரகத்துக்குக் கண் வைத்த மாதிரி ஒவ்வொன்றாக வந்தன. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெற்றவள் திரும்பி ஒன்றை விழுங்கினாள். ஓடிப்போய் டீ வடிகட்டியை எடுத்துவந்து, மிச்சத்தை அள்ளி அகலமான பாட்டிலில் விட்டேன். பதினேழு.

"ரேஷன் கார்டுல பதினேழு பேரைச் சேர்க்கணுமே," என்றார் கணவர். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துக் கசக்கித் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், முட்டையைத் தொடமாட்டார். ஆனாலும் பின்பக்கம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் ஒரு பழைய கிண்ணமும் ஒதுக்கிக் கொடுத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்று, "நல்லா வெந்துதா பாரு, அரைவேக்காடா போட்டா வயித்துக்கு ஆவாது," என்பார்.

ஒரு மாதத்தில் சிலவற்றின் வாலில் ஆரஞ்சு நிறம் ஏறியது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அவை பிழைக்க வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டேன். என் கைக்கு வந்த உயிர் தங்கும் என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

ஐப்பசி மழையில் குஞ்சுகளின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கடைக்காரர், "இதுக்குப் போய் இன்னாத்துக்குக்கா பயப்படுறே? கல்லுப்பு கொஞ்சம் போடு, சரியாப் பூடும்," என்றார். போட்டேன். மறுநாள் காலை, "உடம்பெல்லாம் புள்ளியா இருக்கு அத்தை, பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ரயில் பிடித்தேன்.

சாயங்காலம் திரும்பியபோது வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அடுப்பில் தாளிக்காத பருப்பு. அம்மை கண்ட வீட்டில்தான் தாளிக்கமாட்டார்கள். யாருக்கு என்று பதறி உள்ளே ஓடினேன்.

பாட்டில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மேலே வேப்பிலை அரைத்த விழுதோடு பதினேழும் மல்லாந்து மிதந்தன.

"அம்மை வார்த்திருந்துதும்மா. குளிர்ச்சியா வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு விட்டேன். தூங்குதுங்க போல," என்றார் அத்தை.

எனக்கு எப்போதும் கோபம் மூக்கின் மேல்தான். ஆனால் அன்று வந்தது கோபம்கூட இல்லை, விஷம். "நீங்க இருக்குற வீட்டுல எதுதான் தங்கும்? என் வயித்துல வந்ததும் தங்கல, பாட்டில்ல வந்ததும் தங்கல!"

இரவு அந்தப் பருப்பைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

இரண்டு வருடம் கழித்து மூன்றாவது முறை உண்டானேன். சொன்னதும் அத்தை என் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே போனார். மத்தியானம் பையோடு வந்து நின்றார். பெருங்களத்தூரில் பெரிய மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப் போகிறாராம். "இதுவாவது தங்கட்டும்மா," என்றார்.

கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. கோபத்தில் சொன்னதை அதற்குள் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அவர் பஸ் ஏறியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பெண் பிறந்தாள். பெயர் வைக்கும் நாளில் அத்தை வந்தார். குழந்தையை நீட்டினேன். ஓரடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் சொன்னதை மன்னிச்சிடுங்க அத்தை," என்று அழுதேன்.

"அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு," என்று சிரித்தார். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.